குறைவது எது

எட்மண்டனில் காலை எட்டே முக்கால்.
இன்னும் விடியவில்லை.
கார்ப்பார்க்கில் ஒவ்வொரு வண்டியின் மூக்கிலிருந்தும்
ஒரு வயர் தொங்கிச் சுவருக்குப் போகிறது.
மைனஸ் முப்பத்தொன்று.
மொழியின் புதிய பதிப்பை இறக்கி
மொத்த நூலகத்தையும் ஒருமுறை ஓட விட்டேன்.
இருநூற்றுப் பதினான்கு சிவப்புக் கோடுகள்.

ஒக்ஸானா எட்டிப் பார்த்தாள்.
"கணக்கு எதுவும் பொய்யாகவில்லை,
எழுதும் முறைதான் மாறியிருக்கிறது."
அவளுக்கென்ன.
அவள் எழுதியதெல்லாம் எண்ணி வைத்த சுற்றுகள்;
பத்து என்றால் பத்தில் நிற்கும்.

தன்னைத் தானே அழைக்கும் சார்புக்கு
இந்த மொழியில் இடம் உண்டு, ஒரு நிபந்தனையோடு:
என்றோ ஒருநாள் நிற்பாய் என்று எழுதிக் கொடு.
சத்தியம் செய்தால் போதாது.
ஒவ்வோர் அழைப்பிலும் ஏதோ ஒன்று
குறைந்துகொண்டே வர வேண்டும்,
பூச்சியத்துக்குக் கீழே போக வழியில்லாத ஒன்று.

பழைய முறையில்
ஒன்றையொன்று அழைக்கும் சார்புகளை
ஒரே கட்டாகக் கட்டிக்
கடைசியில் ஒரே சான்று.
எத்தனை எச்சம் அடுக்கினாலும்
ஈற்றில் ஒரு முற்று போதுமே நமக்கு:
வந்து, பார்த்து, இருந்து, பேசி, எழுந்து
போனான்.
அதுபோல.

இனி அப்படி இல்லை.
அதனதன் முற்றை
அதனதன் உடம்புக்குக் கீழேயே எழுத வேண்டும்.

தொண்ணூற்றோராவது பிழையில் அந்தக் கோப்பு வந்தது.
ஆறு வருடம் முன்பு நானும் மயூரதனும்
வைட் அவென்யூப் பக்கம் ஒரு பேஸ்மெண்டில்
ஒரே ஹீட்டருக்கு நான்கு பாதங்களையும் நீட்டி எழுதியது.
கிளையைப் படிக்கும் சார்பு என்னுடையது.
இலையடுக்கைப் படிப்பது அவனுடையது.
என்னது அவனதை அழைக்கும், அவனது என்னதை.
கடைசியில் நின்ற சான்று அவன் கை.

அதை இன்றுதான் ஒழுங்காக வாசித்தேன்.
வெளியே நிற்கும் சான்றுக்கு
உள்ளே இருக்கும் பெயர்கள் தெரியாது;
எழுதுகிறவர் வேறு பெயர் வைத்துக்கொள்ளலாம்.
நான் கிளை என்றும் மீதி என்றும் வைத்திருந்தவை
அவன் கையில் எக்ஸ், ஒய்.
தன்னுடையவற்றை மட்டும்
அதே பெயரில் விட்டிருந்தான்.

கோபம் என்று சொல்ல முடியாது.
எழுந்து போய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்தேன்.

சான்றை இரண்டாக வெட்டினேன்.
என் சார்பின் கீழே
நான் வைத்த பெயராலேயே எழுதினேன்: குறைவது கிளை.
கம்பைலர் ஒத்துக்கொள்ளவில்லை.
எங்கே குறைகிறது, காட்டு என்றது.
காட்டப் போய்ப் பார்த்தால்
என் பக்கம் எதுவுமே குறையவில்லை.
வந்த மரத்தை ஒரு கணுவும் நறுக்காமல்
அப்படியே அவனுக்குக் கைமாற்றியிருக்கிறேன்.
இத்தனை வருடமும் வெட்டியதெல்லாம்
அவன் பக்கம்தான்.

இதற்கும் வழி இருக்கிறது.
ஒருவர் குறைக்காமல் கைமாற்றலாம்;
இருவரும் அதையே செய்தால்தான் முடியாமல் போகும்.
ஜோடியாக எழுத வேண்டும், அகராதி வரிசையில்:
முதலாவது சமமானால் இரண்டாவதைப் பார்.
முதலாவது, மரம்.
இரண்டாவது, எனக்கு ஒன்று,
அவனுக்குப் பூச்சியம்.
கம்பைலர் வாயை மூடிக்கொண்டது.

அவனிடம் சொல்லலாமா என்று இருந்தது.
ரெஜைனாவில் இருக்கிறான், எண் மாறவில்லை.
போன அழைப்பில் பேசியதும்
அதற்கு முந்தியதில் பேசியதும்
வரிக்கு வரி ஒன்று.
போனைக் கவிழ்த்து வைத்தேன்.

மீதி நூற்று இருபத்து மூன்று.
வெயில் வந்துவிட்டது, சூடு இல்லாத வெயில்.
கீழே யாரோ வயரைக் கழற்ற மறந்து
வண்டியை எடுத்துப் போயிருக்கிறார்கள்.
சுவரில் ஒரு முழத் துண்டு
ஆடிக்கொண்டிருக்கிறது.